சுங்கை சிப்புட்டில் ஒரு பெர்ஸ்பெக்ஸ் பட்டறை: வீட்டில் கட்டும் புரோட்டீன் ஸ்கிம்மருக்கு நம்பிப் போகலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் பழைய நெடுஞ்சாலையை ஒட்டிய கடைவரிசையில் இருக்கும் இந்தச் சிறிய பட்டறைக்குக் கோயில் திருவிழா அறிவிப்புகள், கடைப் பெயர்ப்பலகைகள், தோட்ட அலுவலகங்களுக்கான எண் பலகைகள் ஆகியவைதாம் அன்றாட வேலை. பெர்ஸ்பெக்ஸ் என்றும் சொல்லப்படும் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டை வெட்டித் தருவதோடு சூடேற்றி வளைத்தும் தருவார்கள் என்பது கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களில் பலருக்குத் தெரியாது. என்னுடைய 200 லிட்டர் தொட்டிக்கு நீரிலுள்ள கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவியான புரோட்டீன் ஸ்கிம்மர் ஒன்றை நானே கட்டத் தொடங்கியபோது, அதன் உடல் குழாயையும், வெளியேறும் நீர் தங்கிச் செல்லும் பெட்டியையும், தொட்டி விளிம்பில் மாட்டும் கொக்கியையும் இங்கேதான் செய்வித்தேன். வளைப்பு வேலைக்கு இவர்களை மனநிறைவோடு பரிந்துரைக்கிறேன். வெட்டு வேலையில் மட்டும் நாம் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

ஸ்கிம்மரின் வேலையைத் தெரிந்துகொண்டால்தான் பட்டறையில் எதை வற்புறுத்திக் கேட்பது என்பது விளங்கும். மீன் கழிவிலும் மீந்த இரையிலும் உள்ள புரதம் போன்ற கரிமப் பொருள்களின் மூலக்கூறுகளில் ஒரு பகுதி நீரை நாடும், மற்றொரு பகுதி நீரை விலக்கும். ஆகவே அவை நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. நுண்ணிய குமிழிகளை ஒரு குழாயில் அடர்த்தியாக எழுப்பினால் அந்தப் பரப்பு பன்மடங்கு பெருகுகிறது. குமிழிகள் மேலேறிக் கழுத்துப் பகுதியில் நுரையாகத் திரண்டு, நீரை வடியவிட்டு, கழிவைச் சுமந்து கிண்ணத்தில் வழிகின்றன. அழுகி அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுவதற்கு முன்பே கழிவு வெளியேறிவிடுவது இதன் பெரும் பயன். உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று எளிதில் சேர்ந்து பெரிதாகிவிடுவதில்லை என்பதால்தான் இக்கருவி கடல்நீர்த் தொட்டியில் நன்றாக வேலை செய்கிறது, நன்னீர்த் தொட்டியில் பெரும்பாலும் சோபிப்பதில்லை. நம் ஊர் வெயிலில் தொட்டி நீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடும். ஓயாமல் காற்றைக் கலந்துகொண்டே இருக்கும் ஸ்கிம்மர் அந்தக் குறையையும் ஈடுசெய்கிறது.

உடல் குழாய் உருட்டப்பட்டதை நான் அருகில் நின்று பார்த்தேன். அச்சாக இருக்கட்டும் என்று 4 அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை எடுத்துச் சென்றிருந்தேன். அதைத் தட்டிப் பார்த்த உரிமையாளர், "தம்பி, பெர்ஸ்பெக்ஸ் 160 டிகிரியில ஓவன் அடுப்பை விட்டு வரும். இந்தக் குழாய் 80லேயே இளகிடும். அச்சே வளைஞ்சா அப்புறம் எது வட்டமா வரும்?" என்று கேட்டுவிட்டு, பட்டறையின் பின்புறத்திலிருந்து அதே அளவுள்ள கால்வனைஸ்டு இரும்புக் குழாயை உருட்டிக்கொண்டு வந்தார். அந்த ஒரு கேள்வியிலேயே அவருடைய கைத்தொழில் அறிவு எனக்குப் புலப்பட்டது.

அவர் போட்ட கணக்கு, ஸ்கிம்மர் கட்ட நினைக்கும் எவருக்கும் பயன்படும் என்பதால் முழுமையாகத் தருகிறேன். இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 114 மில்லிமீட்டர். சூடான தகட்டில் தழும்பு விழாமல் இருக்கக் குழாயின் மேல் சுற்றும் கம்பளித் துணி 1 மில்லிமீட்டர் கனம் என்பதால், விட்டத்தில் 2 கூடுகிறது. தகட்டின் கனம் 3 மில்லிமீட்டர். வளையும்போது தகட்டின் வெளிப்பக்கம் நீளும், உட்பக்கம் அமுங்கும், நடுப்பகுதி மட்டுமே தன் நீளத்தில் நிற்கும். ஆகவே நடுப்பகுதியின் விட்டமான 119ஐ எடுத்துச் சுற்றளவு கண்டால் ஏறக்குறைய 374 மில்லிமீட்டர் வருகிறது. ஆனால் அவர் வெட்டியது 382. அச்சில் வார்த்துச் செய்யும் காஸ்ட் வகை அக்ரிலிக் தகடு முதன்முறை முழுமையாகச் சூடேறும்போது நீளத்திலும் அகலத்திலும் சுமார் 2 விழுக்காடு சுருங்கும் என்பதை மனத்தில் வைத்தே அந்த 8 மில்லிமீட்டரைக் கூட்டினார். உருக்கி அழுத்தித் தள்ளிச் செய்யும் எக்ஸ்ட்ரூடட் வகைத் தகடு மலிவாகக் கிடைத்தாலும், அது தயாரிக்கப்பட்ட திசையில் மிகுதியாகவும் மறு திசையில் வேறு விதமாகவும் சுருங்குவதால் இவ்வேலைக்கு ஆகாது என்று அவராகவே தடுத்துவிட்டார்.

சூடேற்றுவதற்கு முன் தகட்டைப் பல மணி நேரம் 80 டிகிரியில் உலர்த்தினார்கள். அக்ரிலிக் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் பொருள். மாலைதோறும் மழை பெய்யும் நம் வட்டாரத்தில் பட்டறைச் சுவரில் சாய்ந்து கிடந்த தகட்டை நேரே 160 டிகிரிக்குக் கொண்டுபோனால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தகடெங்கும் கடுகளவுக் குமிழ்கள் நிலைத்துவிடும். அவசரக்காரர்கள் விட்டுவிடும் படி இதுதான். உலர்ந்த தகடு ஓவனிலிருந்து ரப்பர் விரிப்பைப் போலத் துவண்டு வெளிவந்தது. பருத்திக் கையுறை அணிந்த இருவர் அதைக் குழாயின் மேல் போர்த்தி, துணிப் பட்டையால் நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி இறுக்கிச் சுற்றி, ஆறும்வரை தொடாமல் விட்டார்கள். வந்த குழாய் கண்ணாடியாகத் தெளிவாக இருக்கிறது. விளிம்புகள் சந்திக்கும் கோட்டருகே விரல்நுனிக்குத் தெரியும் அளவு ஒரு தட்டைத்தன்மை உண்டு. நுரைக்கு அதனால் கேடு ஒன்றுமில்லை. ரப்பர் வளையம் பொருந்த வேண்டிய கழுத்துக்கு மட்டும் இப்படி உருட்டிய குழாய் ஒத்துவராது. அதை ஆயத்தக் குழாயாகவே வாங்கிக்கொள்வது நல்லது.

பெட்டியும் கொக்கியும் 5 மில்லிமீட்டர் தகட்டில் ஆனவை. இவற்றுக்கு மின்சாரத்தில் சூடேறும் நைக்ரோம் கம்பி பொருத்திய நீண்ட சூட்டுப் பலகையைப் பயன்படுத்துகிறார்கள். வளைவுக் கோட்டின் மேலிருந்த காகித உறையை மட்டும் உரித்துவிட்டு, தகட்டைத் திருப்பித் திருப்பி இரு பக்கமும் காட்டி, தன் எடையாலேயே தொங்கத் தொடங்கிய பிறகுதான் வளைத்தார்கள். நீண்ட கோட்டில் வளைக்கும்போது சூடான பட்டை சுருங்க முயல, அதன் இரு பக்கமும் உள்ள குளிர்ந்த பகுதி இடங்கொடுக்காததால் முழுத் துண்டும் வில்லாக வளைந்துவிடும் ஆபத்து உண்டு. மரச்சட்டத்துக்கும் அலுமினியக் கோணத்துக்கும் இடையில் வைத்து ஆறும்வரை இறுக்கியதால், என் பெட்டியின் விளிம்பில் அளவுகோலை வைத்தால் ஒளிகூட நுழையவில்லை. தனித்தனிப் பலகைகளை ஒட்டாமல் யு வடிவில் வளைத்ததால் இரண்டு ஒட்டுகள் மிச்சமாயின. ஒட்டு குறையக் குறைய ஒழுகும் இடமும் குறையும். அதற்காகவே இந்தக் கூலியைக் கொடுக்கலாம்.

குறை நேர்ந்தது அடித்தட்டில். அதை லேசரில் வெட்டிய பணியாள், விளிம்பில் படிந்த புகைக்கறையை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தார். லேசர் உருக்கி வெட்டும் விளிம்பில் உள்ளழுத்தம் தங்கிவிடும். அதன் மீது ஆல்கஹாலோ ஒட்டும் கரைப்பானோ பட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடும். என் தட்டிலும் அப்படியே ஓடின. காட்டியதும் வாதம் செய்யாமல் வேறு தகட்டில் இரம்பத்தால் வெட்டி, விளிம்பைத் தேய்த்துக் கூலி வாங்காமல் கொடுத்தார்கள். அவர்களுடைய பலகை வேலைகளில் அக்ரிலிக் கரைப்பானைச் சந்திப்பது அரிது என்பதால் இதைக் கவனிக்கும் பழக்கம் இல்லாமல் இருக்கலாம். ஆயினும் ஸ்கிம்மரில் ஒவ்வொரு விளிம்பும் டைகுளோரோமீத்தேன் என்னும் கரைப்பான் கலந்த ஒட்டுதிரவத்தில் நனையப்போகிறது. ஆகவே ஒட்டப்போகும் விளிம்புகளை இரம்பத்தில் வெட்டித் தருமாறு முதலிலேயே சொல்லுங்கள். லேசர் தவிர்க்க முடியாததானால், வெட்டிய துண்டுகளை ஒட்டுவதற்கு முன் 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிடச் சொல்லுங்கள். வளைத்த துண்டுகளுக்கும் இதுவே நல்லது. ஓவனை அவர்களே வைத்திருப்பதால் மறுப்பதில்லை.

தகடு, வெட்டு, வளைப்பு எல்லாம் சேர்த்து 180 வெள்ளி (ரிங்கிட்) ஆயிற்று. ஒட்டும் வேலையை வீட்டில் நானே ஊசிக்குழலால் செய்துகொண்டேன். ஊசிச்சக்கரம் (ஊசி போன்ற முனைகள் கொண்ட சுழல்சக்கரம்) பொருத்திய பம்ப் காற்றை உறிஞ்சி நொறுக்கி அனுப்ப, குமிழிகள் பாலைப் போல வெண்மையாகக் குழாயை நிறைக்கின்றன. முதல் சில நாள்கள் கிண்ணத்தில் ஒன்றும் சேரவில்லை. புதிய அக்ரிலிக்கின் உட்பரப்பில் படலம் படியும்வரை எந்த ஸ்கிம்மரும் அப்படித்தான். இப்போது கழுத்தில் பழுப்பு நுரை ஏறி, தேயிலைச் சாயம் போன்ற நீர் கிண்ணத்தில் நாள்தோறும் சேர்கிறது. அதன் நாற்றமே கருவி வேலை செய்கிறது என்பதற்குச் சான்று.

போகிறவர்கள் அளவுகளை மில்லிமீட்டரில் எழுதிய வரைபடத்தைக் கொண்டு செல்லுங்கள். வளைவின் உட்பக்க ஆரத்தைத் தகட்டுக் கனத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். தைப்பூசம் நெருங்கும் வாரங்களில் பட்டறை முழுக்கக் கோயில் வேலை குவிந்திருக்கும், அப்போது உருட்டும் வேலையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கிண்ணத்துக்குத் திருகு மூடி கேட்டால் அதற்கான கடைசல் எந்திரம் இங்கே இல்லை, அதை ஈப்போவில்தான் பார்க்க வேண்டும்.