வெறும் வயிற்றோடா, சாப்பிட்டுவிட்டா? ஞாயிறு காலைக் கணக்கு

மட்டக்களப்பில் ஞாயிறு காலையில் மூன்று வகை வயிறுகள் வழிபாட்டுக்குப் போகின்றன: முந்தைய இரவிலிருந்து ஒன்றும் படாத வயிறு, பிளேன்ரீயோடு நிறுத்திக்கொண்ட வயிறு, பிட்டும் தயிரும் நிறைந்த வயிறு. முதல் இரண்டும் பெரும்பாலும் கத்தோலிக்கருடையவை. மூன்றாவது மெதடிஸ்த ஆலயத்துக்கோ பெந்தெகொஸ்தே சபைக்கோ போகிறது.

முதல் வகைக்கு வயது அதிகம். நற்கருணைக்கு, அதாவது பூசையில் ஆண்டவரின் உடலாக வழங்கப்படும் அப்பத்துக்கு, முன் உண்ணாதிருப்பது எங்கும் உள்ள வழக்கம் என்று ஆதித் திருச்சபையின் ஆயரான அகுஸ்தீனாரே எழுதியிருக்கிறார். அன்றைய நாளில் வாய்க்குள் போகும் முதல் உணவு ஆண்டவரின் உடலாக இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. அழகான கருத்துத்தான். ஆனால் நள்ளிரவுக்குப் பின் தண்ணீர்கூடக் கூடாது என்றிருந்த கெடுபிடியை 1953இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் தளர்த்தினார். மாலைப் பூசைகளுக்கு வழி திறந்ததும் அப்போதுதான். 1957இல் திட உணவுக்கு 3 மணி நேரம் என்று ஆனது. 1964இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அதை 1 மணி நேரமாக்கினார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் இதையே சொல்கிறது. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை.

பலர் பிழைவிடுவது இங்கேதான். அந்த ஒரு மணி நேரம் நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல. ஆறரை மணிப் பூசையில் நற்கருணை வழங்க ஏழு தாண்டிவிடும். ஆறு மணிக்கு முன் தேநீரை முடித்தவர் தயங்காமல் வரிசையில் போகலாம். 'தேநீர் குடித்துவிட்டேனே' என்று கடைசி வாங்கில் ஒதுங்கியிருப்பவர்களைப் பார்க்கும்போது எழுந்துபோய்ச் சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றும்.

மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே போன்ற புரட்டஸ்தாந்து சபைகளில் இப்படியொரு சட்டமே இல்லை. கேட்டால், பசித்தவன் வீட்டிலேயே சாப்பிடட்டும் என்று அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைக் காட்டுவார்கள். ஆனால் அங்கே பவுலின் கோபம் வேறு. சபை கூடிய இடத்தில் சிலர் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறிக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அதைத்தான் அவர் கண்டித்தார். காலை உணவுக்கான கட்டளை அதில் இல்லை. அந்தியோகியாச் சபையார் உபவாசத்தோடு ஆராதித்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. கடைசி இராப்போசனமோ ஒரு விருந்தின் நடுவிலேயே நடந்தது. வசனத்தை வைத்து இந்த வழக்கை எவரும் வெல்லப்போவதில்லை.

ஆகவே மணிக்கூட்டைப் பார்ப்பதே மேல். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் விடியற்பூசைக்கு வெறும் வயிறே சிறந்தது. வீடு திரும்பியதும் பாணும் சம்பலும் காத்திருக்கும், அதற்குள் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஒன்பது மணிக்குத் தொடங்கி நண்பகல் வரை நீளும் ஆராதனை அப்படியல்ல. நின்று, கைதட்டி, பாடி, பிறகு நீண்ட பிரசங்கம். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் பட்டினியோடு இருக்கும் பிள்ளைக்கு வேதவசனம் எங்கே ஏறும்? அதற்காகத் தயிர் ஊற்றிப் பிசைந்த பிட்டையும் பரிந்துரைக்க மாட்டேன். பிரசங்கத்தின் பாதியிலேயே கண் சொருகிவிடும். சொதியோடு மூன்று இடியப்பம் போதும்.

சீனி வருத்தக்காரர்கள் இந்த வாதத்துக்குள் வரவே வேண்டியதில்லை. முதியோரும் நோயாளரும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளும் உண்ணலாம் என்று அதே திருச்சபைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் நள்ளிரவு நோன்போடு வளர்ந்த அம்மம்மாமாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சட்டத்தை மாற்றிய பாப்பரசரே வந்து தேநீர் நீட்டினாலும், "பூசை முடியட்டும், சுவாமி" என்பார்கள்.