ஏப்ரலில் ராரிடன் விரிகுடா: வரி பாஸா, தட்டைமீனா?

அமெரிக்காவில், நியூ ஜெர்சிக்கும் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்கும் இடையிலுள்ள ராரிடன் விரிகுடாவில் மீன்பிடிப் பருவம் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. ஆழமற்ற சேற்றுத்திட்டுகள் வெயிலில் விரைவாகச் சூடேறுவதே காரணம். முட்டையிட ஹட்சன் ஆற்றுக்குச் செல்லும் வரி பாஸ் (striped bass, உடலில் கோடுகள் ஓடும் பெரிய கடல்மீன்) மீன்கள் இங்கே இரை தேடித் தங்குகின்றன. கரையிலிருந்தே மட்டிச் சதையோ கடற்புழுவோ கோத்து வீசலாம். பிற்பகலில், நீர் சூடேறிய பிறகு, வாய்ப்பு அதிகம். ஆனால் விதிகள் கடுமை. இயற்கை இரைக்கு வட்ட முள் (circle hook, முனை உள்நோக்கி வளைந்த தூண்டில் முள்) கட்டாயம். 2023 முதல் 28-31 அங்குலத்துக்குள் இருக்கும் மீனை மட்டுமே வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஒருவருக்கு ஒன்று. பெரிய மீன் சிக்கினால் படம் எடுத்துவிட்டு நீரில் விடவேண்டியதுதான்!

குளிர்காலத் தட்டைமீனுக்கு (winter flounder, கடலடியில் படுத்திருக்கும் தட்டையான மீன்) இந்தப் பரபரப்பு கிடையாது. சிறிய வாய், சிறிய முள், ஒரு துண்டுப் புழு, அடியைத் தொடும் ஈயக் குண்டு, அவ்வளவே. சுவையில் பாஸைவிட ஒருபடி மேல் என்பேன். எனினும் இதன் எண்ணிக்கை பல ஆண்டுகளாகச் சரிந்து கிடக்கிறது. நியூ ஜெர்சியில் ஒருவருக்கு இரண்டுதான்.

கரையில் நிற்பவருக்கு என் பரிந்துரை பாஸ். படகும் பொறுமையும் உள்ளவர் தட்டைமீனைத் தேடலாம்.