மெட்டா ஆட் லைப்ரரி: தேர்தல் விளம்பரக் கணக்குப் பார்க்க எவ்வளவு தூரம் உதவும்?

முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓடும் அரசியல் விளம்பரங்களுக்கு யார் காசு கட்டினார்கள் என்று பார்க்க மெட்டா தரும் இலவசக் கருவி இது. முகநூல் கணக்கு இல்லாதவர்களும் திறக்கலாம். 2016 அமெரிக்கத் தேர்தலையொட்டி ரஷ்யாவிலிருந்து சுமார் 3,000 விளம்பரங்கள் வாங்கப்பட்டது அம்பலமான பிறகு, 2018-இல் அங்கே வந்தது. 2019 மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன் இந்தியாவுக்கும் வந்தது. அரசியல் விளம்பரங்கள் 7 ஆண்டுகள் இதில் இருக்கும். பெயர் கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார் என்பதே இதன் பலமும் பலவீனமும்.

நாடு இந்தியா, வகை ‘பிரச்சினைகள், தேர்தல்கள் அல்லது அரசியல்’ என்று முதலில் தேர்ந்தெடுங்கள். வகையை விட்டுவிட்டால் சோப்பு, சேலை விளம்பரமெல்லாம் கலந்து வரும். செலவு விவரமும் வராது. கட்சிப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்திவிடாதீர்கள். ‘திமுக’, ‘தி.மு.க.’, ஆங்கிலச் சுருக்கம் என மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு விளம்பரத்திலும் செலவும் பார்வைகளும் ‘இவ்வளவு முதல் இவ்வளவு வரை’ என்ற வரம்பாகத்தான் வரும், துல்லியமான எண்ணாக அல்ல. அந்த வரம்புகளைக் கூட்டி ஒரு கட்சியின் செலவு இவ்வளவு என்று எழுதுவது தவறு. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே பெரிய பள்ளம் விழும். மொத்தத் தொகைக்கு ‘லைப்ரரி ரிப்போர்ட்’ பகுதியில் தரவுக் கோப்பைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு: ஒரே பக்கம், காசு கட்டியவர் பெயர் மாறும்போதெல்லாம் தனி வரியாக வரும். பக்கத்தின் அடையாள எண்ணை வைத்துக் கூட்டினால்தான் கணக்கு நேராகும்.

அடுத்தது பினாமிப் பக்கங்கள். வேட்பாளருக்குச் செலவு வரம்பு உண்டு (தமிழ்நாட்டு மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாய்), கட்சிக்குக் கிடையாது. கட்சியின் பெயரே இல்லாத ‘ஆதரவாளர்’ பக்கங்களோ இரண்டு கணக்கிலிருந்தும் நழுவப் பார்க்கும். காசு கட்டியவர் என்ற இடத்தில் ஏதோ ஒரு பெயர், ஒரு மின்னஞ்சல் இருக்கும். அவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது இருக்காது. இங்கே கைகொடுப்பது பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதி. பக்கம் தொடங்கிய தேதி, பழைய பெயர்கள், நிர்வாகிகள் இருக்கும் நாடு எல்லாம் அதில் தெரியும். சினிமா மீம் பக்கம் தேர்தல் மாதத்தில் பெயர் மாறியிருந்தால் சந்தேகப்படலாம்.

மௌன நேர (வாக்குப்பதிவு முடியும் வரையான கடைசி 48 மணி நேரம், பிரசாரத்துக்குத் தடை) மீறலைப் பிடிக்க இதை நம்புபவர்கள் கவனிக்க வேண்டும். 2024-இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. 17 மாலை 6 மணியோடு பிரசாரம் முடிந்தது. 18-ஆம் தேதி ஓடிய விளம்பரம் கண்ணில் பட்டாலும் அது உடனே மீறல் ஆகிவிடாது. ஏழு கட்டத் தேர்தலில் அதே விளம்பரம் வேறு மாநிலத்துக்காக ஓடியிருக்கலாம். மாநிலவாரி விகிதம் விளம்பரத்தின் மொத்த ஆயுளுக்கும் சேர்த்துத்தான் வரும், நாள்வாரியாக வராது. 17 மாலைக்குப் பிறகு தொடங்கி, தமிழ்நாட்டில் காட்டப்பட்டதாக வருபவையே புகாருக்குத் தேறும். தொகுதிவாரி விவரம் கிடையாது; இதுதான் நமக்குப் பெரிய குறை.

யாருக்குக் குறிவைத்தார்கள் என்பது பக்க அளவில் தொகுப்பாகக் கிடைக்கும். கட்சி தன் கையிலுள்ள தொலைபேசி எண் பட்டியலை ஏற்றியிருந்தால், பட்டியல் பயன்பட்டது என்ற அளவோடு சரி. எந்தப் பட்டியல் என்பது வராது.

வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள், காசு வாங்கியதைச் சொல்லாமல் இன்ஃப்ளூயன்சர்கள் போடும் ரீல்கள் இரண்டும் இந்த விளம்பரக் கணக்குக்குள் வராது. சாதாரணப் பதிவுகள் பரவுவதைப் பார்க்க உதவிய கிரவுட்டேங்கிளையும் மெட்டா 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது. யூடியூப் விளம்பரங்களுக்குக் கூகுளின் வெளிப்படைத்தன்மைத் தளத்தைப் பாருங்கள். அங்கே தேர்தல் விளம்பரம் போட தேர்தல் ஆணையத்தின் முன்சான்று கேட்கிறார்கள், அதனால் பெயர்கள் கொஞ்சம் தெளிவு.