வாங்கலாமா? ஜிப் உறை போட்ட ஒத்துவாக்கிய வேதாகமம்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போய், திடப்படுத்தலுக்கு (சபையில் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பரிசு வேண்டும் என்று கேட்டால், முதலில் இதைத்தான் எடுத்து வைப்பார்கள். பழைய திருப்புதல் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பு), 66 ஆகமங்கள், வசனங்களுக்கு ஒத்துவாக்கியங்கள் (தொடர்புள்ள வேறு வசனங்களைக் காட்டும் குறிப்புகள்), கறுப்பு ரெக்சின் உறை, சுற்றிலும் ஜிப். உள்ளே இருப்பதற்கு முழு மார்க். உறைக்குப் பாதி மார்க்கே அதிகம்.

ஒத்துவாக்கியம் எதற்கு என்பவர்கள் எரேமியா 29:11-ஐ எடுத்துப் பாருங்கள். உங்கள்பேரில் நான் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் இது, புத்தாண்டு ஆராதனையில் கைக்கு வரும் வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி காணும் வசனம். அட்டையில் அது தனியாக நிற்கும். அதிகாரத்திலோ அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின நிருபத்தின் நடுவில் இருக்கிறது. ஐந்தாம் வசனம் அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கச் சொல்கிறது. பத்தாம் வசனம் 70 வருஷம் கழித்தே ஊர் திரும்பலாம் என்கிறது. முந்தின அதிகாரத்தில் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று சொன்னவன் அனனியா, பொய்த் தீர்க்கதரிசி. இதைப் படித்தபின் வருகிற நம்பிக்கைக்கு அவசரம் இருக்காது.

அந்த 70 வருஷத்தைப் பிடித்துக்கொண்டு போனால் தானியேல் 9:2. அங்கே நிறுத்தாமல் 18 வரை வாசியுங்கள்: எங்கள் நீதிகளை அல்ல, உம்முடைய இரக்கங்களையே நம்பி ஜெபிக்கிறோம் என்கிறார் தானியேல். அதன் பக்கத்தில் தீத்து 3:5-7-ஐ வைத்துப் பாருங்கள். நாம் செய்த கிரியைகளினால் அல்ல, அவருடைய கிருபையினாலே நீதிமான்களாகி, நித்திய ஜீவனின் நம்பிக்கைக்குச் சுதந்தரராகிறோம். கிருபையும் நம்பிக்கையும் ஏழாம் வசனத்தில் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. இந்தத் தொடர்பு உங்கள் பதிப்பில் அச்சாகியிருக்காவிட்டால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே உட்காரலில் இருக்கிற எல்லா ஒத்துவாக்கியத்தையும் புரட்டுவது வீண். ஒரு வசனத்துக்கு இரண்டு போதும். போகிற இடத்தில் அந்தப் பத்தியை முழுக்க வாசிக்க வேண்டும். வசனம் பொறுக்குவதற்கு அட்டையே போதுமே!

இனி குறைகள். தாள் மெல்லிசு. ஜெல் பேனா மறுபக்கம் ஊறும், ஹைலைட்டர் அதைவிட மோசம். கலர் பென்சில்தான் சரி. ஒத்துவாக்கிய எழுத்து பொடி, சாளேசுரம் வந்தவர்கள் பெரிய எழுத்துப் பதிப்பைக் கேளுங்கள். ஆகமத்தைச் சட்டென எடுக்கப் பக்க ஓரத்தில் விரல் வைக்கும் வெட்டுகள் சிறு ஆகமங்களின் பக்கம் சீக்கிரம் கிழியும், யூதாவையும் பிலேமோனையும் தேடும்போது கவனம்.

ஜிப்தான் பெரிய தொல்லை. குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு உலோக ஜிப் துருவேறி இறுகும். குமரி மாவட்டத்தில் நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரத்தோடு மூடி வைத்தால் தாள் ஒட்டி, பூசணம் பிடிக்கும். ஜிப்பை இழுக்கும்போது முதல் பக்கங்களும் கடைசிப் பக்கங்களும் பல்லில் மாட்டும். வாரம் ஒருமுறையாவது திறந்து காற்றாட வையுங்கள்.

கத்தோலிக்க வீட்டுக்குப் பரிசென்றால் இது வேண்டாம். அவர்களுக்கு 73 நூல்கள் உள்ள திருவிவிலியமே பொருத்தம். மற்றவர்கள் இதே ஒத்துவாக்கியப் பதிப்பை ஜிப் இல்லாமல் கெட்டி அட்டையில் கேளுங்கள். வாங்குமுன் நடுவில், சங்கீதம் வரும் இடத்தில் விரித்து மேஜைமேல் வையுங்கள். தானாக மூடிக்கொள்ளாமல் விரிந்து கிடந்தால் தையல் நன்றாக இருக்கிறது, எடுக்கலாம்.