இருபத்தெட்டா, இருபத்திரண்டா?

யாங்கோன் காது கிளினிக்கில், காது கேட்கவில்லை என்று வருகிறவர்களை வாயால் கூப்பிடுகிறார்கள். இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான். பெர்த்திலிருந்து பர்மா வந்து யாங்கோனில் இறங்கியது, அக்கா வீட்டுச் சாப்பாடு, அனோரத்தா ரோட்டுக் காளி கோயில் அர்ச்சனை எல்லாம் நல்லபடியாக நடந்தது. அதைச் சொல்ல ஒன்றுமில்லை.

நம் ஊர் வழக்கம் தெரிந்ததுதானே. பகலில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் சாயங்காலம் தனியார் கிளினிக்கில் உட்காருவார். காலையிலேயே ஆளை அனுப்பி டோக்கன் வாங்கி வைக்க வேண்டும். அக்கா மகன் வாங்கி வந்தது 28. ஐந்து மணிக்குப் போனேன், டாக்டர் ஆறே முக்காலுக்கு வந்தார். அதில் எனக்குக் கோபமில்லை. பெர்த்தில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தவன் நான். ஒன்றே முக்கால் மணி நேரம் என்ன பெரிய விஷயம்.

கூடத்தில் நாற்பது பேர் இருந்திருப்போம். தலைக்கு மேலே கடகடவென்று இரண்டு மின்விசிறி, சுவரில் கொரியன் நாடகம், வாசலில் சாய்க்காரர்களின் பேச்சு. நர்ஸ் கதவைப் பாதி திறப்பாள், மாஸ்க்குக்குள்ளிருந்தே எண்ணைச் சொல்வாள், மூடிவிடுவாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை.

பர்மிய பாஷையில் இரண்டு ‘ஹ்னித்’, எட்டு ‘ஷித்’. 22 என்றால் ‘ஹ்னஸே ஹ்னித்’, 28 என்றால் ‘ஹ்னஸே ஷித்’. முதல் பாதி ஒன்று, வாலும் ஒன்று. நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஹ்னஸே என்று காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மீதி ‘...இத்’ என்று மட்டும் கேட்டது. 22-ஆம் ஆள் வெற்றிலை போட வெளியே போயிருப்பார், மறுபடி கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் தடவையும் அதேதான் கேட்டது. ‘பாவம், எங்கே போனாரோ அந்த மனுஷன்’ என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவருக்கு நான் சொன்னது கேட்கவில்லை.

35-ஐக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போய்க் கேட்டேன்.

“உலே (மாமா), மூன்று தடவை கூப்பிட்டேனே.”

“கேட்கவில்லையேம்மா.”

“கேட்காதவர்கள்தானே இங்கே வருகிறார்கள்” என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே சமாதானம் சொல்கிற குரல். “கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், உட்காருங்கள்.”

உட்கார்ந்தேன். 1920-இலேயே மேரி சாப்மன் காது கேளாதோர் பள்ளி தொடங்கிய ஊர் இது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு கரும்பலகை, ஒரு சாக்பீஸ் போதும், எண்ணை எழுதிக் காட்ட. பெர்த்தில் நான் போன இடத்தில் எண் திரையில் வரும், பெயரும் வரும், ஒருவர் வந்து சிரித்துக் கையும் கொடுப்பார். அப்புறம் உள்ளே போனால் சோதனை இலவசம், கருவி ஜோடி சில ஆயிரம் டாலர் என்பார். விற்கிறவரே காதைச் சோதித்து வாங்கிக்கொள் என்பதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால்தான் அங்கே காதைச் சோதிக்காமலே தள்ளிப்போட்டு வந்தேன். டிவி சத்தத்துக்கு மனைவி சண்டை, ரெஸ்டாரன்டில் எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பது, பேத்தி பேசினால் ‘என்ன?’, இரவில் காதுக்குள் சில்வண்டு, இதெல்லாம் இரண்டு வருஷக் கதை. போனை எப்போது இடது காதுக்கு மாற்றினேன் என்று எனக்கே தெரியாது.

இங்கே வந்து மாட்டியது அக்கா வீட்டு மணியால். பஸுண்டவுங்கில் நாலாவது மாடி. பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் தொங்கும் கயிறு, மேலே சின்ன வெண்கல மணி, கீழ் நுனியில் ஒரு கிளிப். பேப்பர்க்காரன் கிளிப்பில் பேப்பரை மாட்டி இழுத்தால் மேலே கிணுகிணுக்கும். சின்ன வயசில் அந்த மணிச் சத்தத்துக்குத்தான் நாங்கள் எழுந்திருப்போம். இந்தத் தடவை நான் மணிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், அக்கா அடுக்களையிலிருந்து ஓடி வந்து கயிற்றை இழுக்கிறாள். “மணி அடிக்குது, உட்கார்ந்திருக்கியே?” என்றாள். தெருவில் மோஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) விற்கிறவன் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது, மணி கேட்கவில்லை. அன்று ராத்திரியே பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சினாள். அம்மா இருந்தால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

கடைசியில் உள்ளே போய் அந்த எண்ணெயைச் சொன்னதும் டாக்டர் முகம் மாறியது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும், பஞ்சுக் குச்சியோ குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும் என்றார். விளக்குக் குழலை வைத்துப் பார்த்து, வலது காதிலிருந்து கொஞ்சம் எடுத்தார். குறும்பிதான் காரணமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அது இல்லை.

அடுத்த அறையில் ஒரு பெண் கேட்கும் திறன் சோதனை செய்தாள். மெத்தை ஒட்டிய சின்னப் பெட்டியறை, தலையில் ஹெட்போன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, கரண்ட் போனது. கரண்ட் போவதா நமக்குப் புதுசு? நடைபாதை ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன, கிளினிக்குடையதும் சேர்ந்துகொண்டது. விளக்கு வந்தது, மெஷினும் வந்தது. தொடர்வாள் என்று பட்டனைப் பிடித்தபடியே இருந்தேன்.

அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். ஜெனரேட்டரின் உறுமல் கீழ்ச்சுருதிச் சத்தம், அது 250, 500 ஹெர்ட்ஸ் ஒலிகளை மூடிவிடும். இப்போது எடுத்தால் இல்லாத குறையெல்லாம் இருப்பதாகக் காட்டும் என்றாள். “நாளைக் காலை ஏழு மணிக்கு வாங்க உலே. கடைகள் திறப்பதற்கு முன்னால் எடுத்துவிடலாம்.” இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம். கிளினிக் திறக்கும் நேரமும் அது இல்லை, எனக்காக வந்தாள். தனியாகக் காசும் வாங்கவில்லை. பெர்த்தில் இப்படி என்றால் மன்னிப்புக் கேட்டு ஒரு ஈமெயில் வந்திருக்கும், அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து.

மறுநாள் காலை தெரு ஓய்ந்திருந்தது. ஹெட்போனில் ஒரு சுற்று, அப்புறம் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு அதிர்வுக் கருவியை வைத்து இன்னொரு சுற்று. வரைபடத்தில் இரண்டு சுற்றின் கோடும் ஒட்டியே போனதால் நடுக்காதில் கோளாறு இல்லை, குறை உள்காதில் என்றாள். கீழ்ச்சுருதி ஒலிகள் வரை கோடு ஒழுங்காகப் போகிறது. 4000 ஹெர்ட்ஸில் கிணறு மாதிரி 45 டெசிபலுக்கு இறங்கி, 8000-இல் மறுபடி கொஞ்சம் ஏறுகிறது. அந்தக் கிணற்றில் பென்சிலை வைத்து, “ஸ, ஷ எல்லாம் இந்தப் பக்கம்தான் உலே” என்றாள். என் ‘ஷித்’ எங்கே போய் விழுந்தது என்று அப்போது தெரிந்தது. மணியின் கிணுகிணுப்பும் அங்கேதான் கிடக்க வேண்டும்.

சாயங்காலம் டாக்டர் முதலில் கேட்டது, இளவயசில் என்ன வேலை செய்தீர்கள் என்று. அலோனில் மரம் அறுக்கும் மில்லில் ஆறு வருஷம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும் என்றார். ரம்பம் மரத்தில் ஏறும்போது பக்கத்தில் நிற்பவன் கத்துவதே எங்களுக்குக் கேட்காது. காதில் பஞ்சு வைத்தவனைக் கேலி செய்வோம். போனது திரும்பாதாம். கருவி இப்போதே போட்டாலும் நல்லது, அவசரமில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை சோதனையை மட்டும் விடாதீர்கள் என்றார். ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்தால், சளி என்று நினைத்து எண்ணெய் விட்டு நாள் கடத்தாமல் அன்றே வந்துவிட வேண்டும், ஆரம்ப நாட்களில் கொடுக்கும் ஸ்டீராய்டுக்குத்தான் பலன் என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். அக்கா பூண்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. அன்று சாயங்காலத்துக்கு அக்கா மகன் விடிவதற்கு முன்பே போய் டோக்கன் எடுத்திருந்தான். அதே நர்ஸ், அதே மாஸ்க், கரும்பலகை வரவில்லை. எண் 5. வாசலுக்கு வெளியே வெற்றிலைக் கடையில் நின்றிருந்தேன். ‘ங்கா’ என்றாள். அங்கேயே கேட்டது.