ஜெலட்டினா, பெக்டினா? ஹலால் கம்மி (gummy) மிட்டாய் ஏற்றுமதி செய்ய நினைப்பவர்களுக்கு

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முருங்கையிலை கம்மி (சத்துச் சேர்த்த, மெல்லும் மிட்டாய்) செய்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் அனுப்ப நினைப்பவர்கள் முதலில் திணறுவது, அதை உறைய வைக்க ஜெலட்டினா பெக்டினா என்பதில்தான்.

மூலம்: ஜெலட்டின் பன்றி, மாடு, மீன் எதிலிருந்தும் வரலாம். பெக்டின் எலுமிச்சை இனப் பழத்தோலிலும் ஆப்பிள் சக்கையிலும் கிடைப்பது.

சான்றிதழ்: மாட்டு ஜெலட்டின் என்றால் அறுத்த முறை வரை ஹலால் சான்று காட்ட வேண்டும். பெக்டினில் அந்தத் தலைவலி இல்லை. ஆனால் 'தாவரம்தானே' என்று அசந்துவிடாதீர்கள். வைட்டமின் ஏ, டி தூள்களின் மேற்பூச்சிலேயே ஜெலட்டின் இருக்கலாம். சுவையூட்டியில் அல்கஹோல், சிவப்பு நிறத்தில் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் என்று இன்னும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வெயில்: ஜெலட்டின் ஏறக்குறைய 35 பாகையில் இளகும். திருகோணமலைச் சித்திரை வெயிலில் நிற்கும் லொறிக்குள் போத்தலே ஒரே கட்டியாகிவிடும். பெக்டின் தாங்கும்.

செய்முறை: ஜெலட்டின் சுலபம், மெல்லவும் சுகம். பெக்டினுக்குச் சீனியும் புளிப்பும் அளவாக அமைய வேண்டும். சிட்ரிக் அமிலத்தை முந்திப் போட்டால் பானையிலேயே உறைந்துவிடும்.

எதை எடுத்தாலும், சான்று தரும் அமைப்பை இறக்குமதி நாடு ஏற்கிறதா என்று பாருங்கள். மலேசியாவுக்கு, அந்நாட்டு அரசின் இஸ்லாமிய அலுவல் துறையான ஜாகிம் (JAKIM) ஏற்கும் அமைப்புகளின் பட்டியல் இருக்கிறது. உணவு நிரப்பியாக (food supplement) பதிவு செய்வது வேறு வேலை, அங்கே அதைப் பார்ப்பது மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA).

புதிதாகத் தொடங்கி ஏற்றுமதி செய்பவருக்குப் பெக்டின். குளிரூட்டிய வாகனமும் நம்பகமான ஹலால் மாட்டு ஜெலட்டினும் கையில் இருந்தால், மெல்லும் சுகத்துக்காக ஜெலட்டின்.