விடுமுறையிலிருந்தே பிறக்கும் மர்மங்கள்: 1978ஆம் ஆண்டின் 'தி ஃபேமஸ் ஃபைவ்' தொடர்

சிறுவர்கள் துப்புத் துலக்கும் கதைகள் பலவற்றில் விடுமுறை என்பது பள்ளிக்கூடத்தைக் கதைக்கு வெளியே நிறுத்திவைக்கும் ஏற்பாடாக மட்டுமே இருக்கிறது. ஆங்கிலச் சிறுவர் நூலாசிரியர் எனிட் பிளைட்டனின் நாவல்களைக் கொண்டு பிரிட்டனின் சதர்ன் டெலிவிஷன் தயாரித்து, 1978, 1979 ஆண்டுகளில் ஒளிபரப்பான 'தி ஃபேமஸ் ஃபைவ்' அப்படிப்பட்டதன்று. ஜூலியன், டிக், ஆன், ஜார்ஜ் ஆகிய நால்வரும் விடுதிப் பள்ளிகளில் படிப்பவர்கள். டிம்மி என்னும் நாயுடன் அவர்கள் விருப்பம்போல் சுற்றித் திரிய விடுமுறை நாட்கள்தாம் உள்ளன. ஓர் இடத்திற்குப் புதியவர்கள் என்பதாலேயே, அவ்வூரார் பார்த்துப் பார்த்துக் கவனிக்க மறந்த பாழடைந்த கட்டடமும் கைவிடப்பட்ட ரயில் சுரங்கமும் இவர்கள் கண்ணில் படுகின்றன. பெரியவர்கள் உடனில்லாததால், எதை நம்புவது, எப்போது திரும்புவது என்பதையும் இவர்களே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தொடரின் விறுவிறுப்பு இங்கிருந்துதான் வருகிறது.

1940களில் தொடங்கிய கதைகளைத் தொடர் 1970களுக்கு நகர்த்தியிருக்கிறது. ஆயினும் மிதிவண்டி, கூடாரம், படகு ஆகியவை அப்படியே இருக்கின்றன. ஹாம்ப்ஷயரின் நியூ ஃபாரஸ்ட் உள்ளிட்ட உண்மையான நிலப்பரப்பில் படமாக்கியிருப்பதால், சிறுவர்கள் நனைவதும் களைப்பதும் நம்பும்படியாக இருக்கின்றன.

நடிப்பில் முதலிடம் ஜார்ஜாக வரும் மிஷெல் கல்லாகருக்கே. ஜார்ஜினா என்று அழைத்தால் திரும்பிப் பார்க்கவும் மறுக்கும் இந்தச் சிறுமியை வெறும் முரண்டுக்காரியாகக் காட்டிவிடுவது எளிது. கல்லாகரோ கோபத்திற்கு அடியிலுள்ள தனிமையையும், டிம்மியின் மீது அவள் வைத்திருக்கும் அளவற்ற நம்பிக்கையையும் சேர்த்தே காட்டுகிறார். தன்னைப் பெண் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்று அவள் நிமிர்ந்து நிற்கும் இடங்கள் இன்றைய சிறுமிகளுக்கும் நேராகப் போய்ச் சேரும். அதே அக்கறை ஆனின் பாத்திரத்துக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மையான குறை. அஞ்சுவதும் உணவு எடுத்துவைப்பதுமே பெரும்பாலும் அவள் பங்காகிவிடுகின்றன. ஆராய்ச்சியில் மூழ்கி எதற்கும் சிடுசிடுக்கும் ஜார்ஜின் தந்தை குவென்டினாக மைக்கேல் ஹின்ஸ் அளவோடு நடித்திருக்கிறார். டிக்காக நடித்த கேரி ரஸ்ஸல் பிற்காலத்தில் எழுத்தாளராகவும் அறியப்பட்டார்.

தொடரின் பலவீனம் அதன் கால அளவில் இருக்கிறது. ஏறத்தாழ 25 நிமிடங்கள் ஓடும் ஒரே பகுதிக்குள் பல இடங்களில் முழு நாவலையும் அடக்க முயன்றிருக்கிறார்கள். துப்பு கிடைத்த மறுகணமே விடையும் கிடைத்துவிடுவதால், தவறான ஆளைச் சந்தேகித்து, பின்னர் திருத்திக்கொள்ளும் இன்பம் பார்வையாளருக்கு வாய்ப்பதில்லை. குற்றவாளியை அவருடைய முறைப்பை வைத்தே பத்து வயதுக் குழந்தை கண்டுபிடித்துவிடும். இரண்டு பகுதிகளாக நீளும் கதைகளில் இந்த அவசரம் குறைகிறது. தொடரை அவற்றிலிருந்து தொடங்குபவர்களுக்கு ஏமாற்றம் இராது.

ஆனால் குழந்தைகளுடன் பார்க்க அமர்வதற்கு முன் ஒன்றைச் செய்துவிடுவது நல்லது. உடன்பிறந்தவர்களான ஜூலியன், டிக், ஆன் மூவரும் ஜார்ஜை முதன்முதலாகச் சந்திக்கும், புதையல் தீவு பற்றிய முதல் நாவல் இத்தொடரில் இல்லை. அதை 1957இலேயே படமாக்கிய சில்ட்ரன்ஸ் ஃபிலிம் ஃபவுண்டேஷனிடம் அதன் உரிமை இருந்தது. ஆகவே, யாரையும் அண்டவிடாத ஜார்ஜ் எப்படி மற்றவர்களை ஏற்றுக்கொண்டாள் என்பதை இங்கே காண முடியாது. அந்த ஒரு நாவலை மட்டும் முதலில் வாசித்துக் காட்டிவிட்டுத் தொடரைப் போட்டால், அவளுடைய ஒவ்வொரு கோபத்திற்கும் பொருள் விளங்கும்.